எலியின் அரிப்பும் தங்கச்சியின் அரிப்பும்

எலிகள் சொறிந்துகொள்வதை எண்ணுவதற்கு ஜப்பானில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். காலையில் வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், எலி பின்னங்காலைத் தூக்கிப் பிடரியைச் சொறியும் ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாம் பெண் எலிகள். சினைப்பையை எடுத்துவிட்டு, ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்திருக்கிறோம். அரிப்பை உண்டாக்கும் மருந்தைக் குத்தியதும் அந்தக் கூட்டம்தான் அதிகம் சொறிகிறது. அரிக்கிறது என்று சொல்லும் பெண்ணை "சும்மா கிட" என்று அடக்கியே பழகிய ஊரிலிருந்து வந்தவளுக்கு, இது உருப்படியான வேலையாகவே படுகிறது.

எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரத்தில் இதை நான் யாருக்கும் விளக்கியதில்லை. முனைவர் பட்டம் கிடைத்த அன்று, மில் குடியிருப்பில் எங்கள் வரிசை முழுக்க அம்மா அல்வா கொடுத்து, "எம் மவ டாக்டராயிட்டா" என்றாள். நான் திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற நம்மில் பலரும், இல்லாத ஒரு பெருமையைச் சுமந்துகொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்குகிறோம்.

இந்த வருடம் தங்கச்சி செல்வி எட்டாம் மாதத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். ஒரு நாள் போனில், "எக்கா, உள்ளங்கையும் உள்ளங்காலும் ஒரே அரிப்பு. தேங்காண்ண தேச்சாலும் நிக்க மாட்டேங்கு. தடிப்பு ஒண்ணையும் காணோம்" என்றாள்.

"எல்லாம் ஹார்மோன்தான்ட்டீ. எங்க எலியும் இப்படித்தான் சொறியுது. பிள்ள பெத்தா சரியாயிரும்" என்று சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டில், பக்கத்து மேசை யுகி சானிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். இரண்டு பிள்ளை பெற்றவர். அவர் சிரிக்கவில்லை. "தெ? அஷி?" என்று கையையும் காலையும் தொட்டுக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றேன். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்துபோனார். சாப்பிடும் இடத்தில் எலிப் பேச்சு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "சுமிமாசென்" என்று முதுகைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அரை மணி நேரத்தில் அச்செடுத்த தாள் ஒன்று என் மேசைக்கு வந்தது. தடிப்பில்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால் கல்லீரலில் பித்தநீர் தேங்கியிருக்கலாம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றிருந்தது. கீழே பென்சிலால் 'இன்றே' என்று எழுதியிருந்தார். அந்தக் கோளாறுக்குப் பின்னாலும் ஹார்மோன் உண்டுதான். பாதி தெரிந்ததை வைத்துக்கொண்டு முழு வைத்தியம் சொல்லியிருந்தேன்.

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டுதான் இருந்தோம். டாக்டரு நீயே சொல்லிட்டியே, பெறவு எதுக்குன்னு நாந்தான் நிறுத்திட்டேன்" என்றாள்.

"எம்மா, நான் மனுசருக்கு டாக்டர் இல்ல. படிப்புக்குத்தான் அந்தப் பேரு. இப்பமே ஆட்டோவக் கூப்பிடு."

"அப்பம் அல்வா குடுத்த அன்னிக்கே ஏன்ட்டி சொல்லல?"

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பார்த்தபோது செல்வியின் ரத்தத்தில் பித்தநீர் அளவு ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்து, பிள்ளையின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்து, நாள் வருமுன்பே பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. நன்றாக அழுதாளாம். நானும் ஆய்வகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். யாராவது கேட்டால், "எலிக்கு டாக்டரு" என்று அம்மா இப்போது சொல்கிறாளாம்.

நேற்று வீடியோ அழைப்பில் செல்வி, பிள்ளையின் சின்னக் கையை விரித்து, "பெரியம்மாவப் பிடிட்டீ" என்று நீட்டினாள். நானும் விரலை நீட்டினேன். போன் திரையின் கண்ணாடிதான் பட்டது. அங்கே அந்தக் கை, பக்கத்தில் இருந்த என் அம்மாவின் விரலைப் பிடித்து மூடிக்கொண்டது.