ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டிய ஜெசிந்தா சிஸ்டர்

என்னோடு வேலை செய்த முனியம்மா போன் செய்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். "யக்கா, எங்க கீறே? ஒக்காந்துக்கினு கேளு" என்றாள். உட்கார அங்கே இடம் ஏது, நின்றுகொண்டேதான் கேட்டேன். "நம்ம சிஸ்டர் காலைல பூட்டாங்கக்கா."

எந்த சிஸ்டர் என்று நான் கேட்கவில்லை. மூடிக் கம்பெனி பேக்கிங்கில் வேலை செய்த எங்கள் நாற்பது பேருக்கும் சிஸ்டர் என்றால் ஒரே ஆள்தான். பின்னால் நின்ற பெண்ணிடம் "நீ போம்மா" என்றேன். அவளுக்குப் பின்னால் நின்றவர்களையும் அப்படியே அனுப்பிவைத்தேன். கடையைச் சாத்தும்போது நான் மட்டும் பையோடு நின்றிருந்தேன்.

சிஸ்டருடைய வீட்டுக்காரர் அருள்தாஸ் ஐயா முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறாராம். "தெரிஞ்சவங்க எல்லாம் எழுதறாங்க, நீங்களும் எழுதுங்கம்மா" என்றார். எனக்கு அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. என் பேத்தி திவ்யா திருவள்ளூரில் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். எங்கள் தெருவிலேயே முதல் நர்ஸ் அவள்தான் ஆகப்போகிறாள். இதைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் கூடச் சொல்லிவிடுவேன், இங்கேயும் சொல்லியாயிற்று. "எழுத்துத் தப்பை மட்டும் திருத்து, விஷயத்துல கை வெக்காதே" என்று அவளிடம் கண்டிஷன் போட்டுத்தான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி அது. கேட்டை ஒட்டிய முதலுதவி அறையில் ஜெசிந்தா சிஸ்டர் நர்ஸாக இருந்தார். என்னைவிட எட்டு ஒன்பது வயது சின்னவர். நான் காண்ட்ராக்டில் சேர்ந்த புதிதில் காய்ச்சல் மாத்திரை கேட்டுப் போனேன். எல்லா இடத்திலும் மாத்திரை கேட்டால் மாத்திரை தருவார்கள். இவர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கக்கா. காலைல இன்னா நாஷ்டா?"

"பழைய சோறு."

"ராத்திரி தூங்குனீங்களா? ஊட்ல யார் யார் இருக்கீங்க? சிரிச்சு எத்தினி நாளாச்சு?"

எனக்கு எரிச்சலாகிவிட்டது. "பொண்ணு பாக்கவா வந்திருக்கே சிஸ்டர்? மாத்திரையைக் குடும்மா, லைனுக்குப் போவணும்" என்றேன்.

அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இதுல பாதி கூடக் கேக்க மாட்டாங்கக்கா. காய்ச்சல் என்ன தனியா பஸ் ஏறி வருதா? ஒரு ஆளோடதான வருது. ஆளை வெளிய நிக்க வெச்சிட்டுக் காய்ச்சலை மட்டும் எப்படிப் பாக்கறது?"

லைனுக்குத் திரும்பி வந்து இதை எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன். அன்று முழுக்கச் சிரித்தோம். அந்த மாதிரி ஒரு கேள்விதான் என் உயிரைப் பிடித்து நிறுத்தப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் லைனில் ஒரு பழக்கம் இருந்தது. கக்கூஸ் போக வேண்டுமானால் சூப்பர்வைசர் மேஜைக்கு மேல் ஆணியில் தொங்கும் கட்டையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே கட்டை. அதை டோக்கன் என்போம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, லாரிகள் நிற்கிற லோடிங் இடத்தைத் தாண்டி, டிரைவர்கள் பார்க்கப் பார்க்க, கோடியில் இருக்கும் கக்கூஸுக்கு நடக்க வேண்டும். இந்த பேஜாரே வேண்டாம் என்று நாங்கள் தண்ணீரை நிறுத்திவிட்டோம். காலை அஞ்சரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் சாயந்திரம் வீடு திரும்புகிற வரைக்கும் ஒரு மடக்கு கிடையாது. நாளெல்லாம் தண்ணீர் பாட்டில் மூடியை எண்ணிப் பெட்டியில் போடுவோம், எங்கள் தொண்டை காய்ந்து கிடக்கும்.

இதில் எனக்குப் பெருமை வேறு. சேர்ந்த நாளிலிருந்து நான் டோக்கனைத் தொட்டதே இல்லை. புதிதாக வருகிற பெண்களுக்கு "நாக்கை மட்டும் நனைச்சிக்கோ, முழுங்காதே" என்று பாடம் எடுப்பேன். "எங்க அக்கா ஒட்டகம்டி" என்பாள் முனியம்மா. பட்டம் வாங்கினவள் மாதிரி தலையை நிமிர்த்திக்கொள்வேன். எத்தனை பெண்களின் உடம்பை நான் கெடுத்தேனோ, இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு கோடையில் எனக்குக் காய்ச்சல் போவதும் வருவதுமாக இருந்தது. இடுப்புக்கு மேலே பின்பக்கம் குத்து வலி. நாலாவது முறை மாத்திரைக்குப் போனபோது சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி ஒண்ணுக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

"நாலஞ்சு வாட்டி போவேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அவர் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினார். "குடிங்க."

காலை ஒன்பது மணி. இன்னும் எத்தனை மணி நேரம் லைனில் நிற்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது. "அப்புறமா குடிக்கிறேன் சிஸ்டர்."

"இங்கியே குடிங்கக்கா."

வாய் வரைக்கும் கொண்டுபோய் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டேன். சிஸ்டர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாருமேவா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை எங்கள் நிறுத்தத்திலேயே வந்து எங்களோடு பஸ் ஏறினார். அன்று அவருக்கு லீவு. ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு லைன் பக்கத்தில் ஷிப்ட் முடியும் வரை உட்கார்ந்திருந்தார், நாங்கள் குடிக்காத தண்ணீரை அவரும் குடிக்கவில்லை. மத்தியானம் ஒரு தடவை டோக்கனை எடுத்துக்கொண்டு கோடிக்குப் போய்வந்தார். வந்தபோது முகம் சிவந்திருந்தது. "ஒருத்தன் என்னைப் பாத்துப் பாட்டு பாடறான்க்கா. தினம் இதைத் தாண்டியா போறீங்க?" என்றார். "போறதே இல்ல சிஸ்டர்" என்றாள் முனியம்மா. எல்லோரும் சிரித்தோம், சிஸ்டர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் அவர் மேனேஜரிடம் பேசினார். மேனேஜர் சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு லைனுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, தண்ணி குடிக்கக் கூடாதுன்னு இங்க யாராச்சும் சொன்னாங்களா? போவக் கூடாதுன்னு யாராச்சும் தடுத்தாங்களா?"

நாங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். நாளைக்கு வராதே என்று கேட்டிலேயே சொல்லிவிட முடியும். எல்லாருடைய கண்ணும், வயதில் மூத்தவள் என்று, என்மேல் திரும்பியது. என் வீட்டில் அப்போது என் ஒருத்தியின் சம்பளம்தான் அடுப்பெரிய வைத்தது.

"இல்ல சார். எங்களுக்கு ஒரு குறையும் இல்ல" என்றேன்.

"பாத்தீங்களா சிஸ்டர்? நீங்க மாத்திரை குடுக்கறதோட நிறுத்திக்குங்க" என்றார் அவர். எங்களுக்காக எங்களோடு தாகத்தில் கிடந்த மனுஷியை அத்தனை பேர் முன்னால் பொய்யாக்கிவிட்டு நான் மூடி எண்ணிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் போகிற போக்கில் என் பக்கம் குனிந்து, "கை நடுங்குதே. சாயந்திரம் காய்ச்சல் பாத்துட்டுப் போங்கக்கா" என்றார். எந்த முகத்தோடு போவேன்? போகவில்லை.

பத்து நாள் கழித்து லைனிலேயே விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது ஆட்டோவில் சிஸ்டர் மடியில் என் தலை இருந்தது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருக்கிறது என்றும் இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். ஆறு நாள் டிரிப்ஸ் ஏறியது. ஆறு நாளும் வேலை முடிந்து சிஸ்டர் வந்தார். தலை வாரிவிட்டார், துணி மாற்றிவிட்டார், பக்கத்துக் கட்டில்காரியோடு என்னைப் பேச வைத்தார். "பேசாம கெடந்தா மருந்து பாதிதான் வேல செய்யும்" என்பார்.

மூணாவது நாள் என்னால் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு உங்கள அசிங்கப்படுத்திட்டேன் சிஸ்டர்" என்று அழுதேன். அவர் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

"வேல பூடுமேன்னு பயந்தீங்க. பயந்துக்கினே வேலை செய்யறதும் உடம்பு சரியில்லாததுதான்க்கா. அதுக்கு என் பெட்டில மாத்திரை இல்ல. என் கோவமெல்லாம் அதும்மேலதான், உங்க மேல இல்ல."

நீ வந்து சாட்சி சொல் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் போனேன். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே மேனேஜர் ரூமுக்கு நடந்தேன். "வேணாங்கா, கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிடுவான்" என்று முனியம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். மேனேஜர் சிஸ்டரையும் வரவழைத்தார்.

"சார், அன்னிக்கு நான் சொன்னது பொய்" என்றேன். அதற்கு மேல் நாக்கு ஒட்டிக்கொண்டது. புருஷனிடம் கூடச் சொல்லாத விஷயம் அது. சிஸ்டர் எனக்காகப் பேசவில்லை. நான் பேசுவேன் என்று நம்புகிறவர் மாதிரி சும்மா நின்றார். எங்கிருந்துதான் வந்ததோ, கேட்டே விட்டேன்: "சார், காலைலேர்ந்து நீங்க எத்தினி வாட்டி போனீங்க?"

"இன்னாம்மா பேசறே நீ?"

"நாங்க போவணும்னா கட்டை வேணும் சார். உங்களுக்கு யாரு சார் கட்டை குடுக்கறாங்க?"

சிஸ்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. கதவுக்கு வெளியே ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த முனியம்மா உள்ளே வந்து, "எனக்கும்தான் சார் எரியுது" என்றாள். அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

அந்த வாரமே ஆணியில் கட்டை இல்லை. போகிற வழிக்குத் தகரத்தால் மறைப்பு வந்தது. லைன் பக்கத்திலேயே கக்கூஸ் கட்டி முடிக்க மழைக்காலம் தாண்டிவிட்டது. என்னைப் பேக்கிங்கிலிருந்து கூட்டிப் பெருக்கப் போட்டார்கள், போகட்டும். தினமும் பத்து மணிக்கு சிஸ்டர் குடத்தோடு லைனுக்கு வருவார். "ஒட்டகங்களா, வாங்கடி" என்று கூப்பிடுவார். குடித்துக் காட்டினால்தான் நகருவார்.

அவர் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் திருவள்ளூரில் அவர் வீட்டுக்குப் போனேன். மார்பில் கட்டி, எலும்பு வரைக்கும் போய்விட்டது. ஆள் பாதியாகியிருந்தார். "வலிக்கு மருந்து குடுத்திருக்காங்கக்கா, பரவால்ல. ஆனா வர்றவங்க எல்லாரும் படு, படு, படுங்கறாங்க. என்னால ஒருத்தருக்கும் ஒரு வேலையும் ஆவாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க" என்றார். சர்க்கரையால் என் பாதத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. காட்டலாமா என்று யோசித்தேன். பிறகு காலை நீட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்க சிஸ்டர்" என்றேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி கேட்டார். வெந்நீர் கேட்டார். அரை மணி நேரம் துடைத்து, அழுத்திப் பார்த்து, விரல் இடுக்கெல்லாம் ஆராய்ந்து, "செருப்பில்லாம நடக்கறீங்களா? வெக்கமா இல்ல?" என்று திட்டித் தீர்த்தார். அருள்தாஸ் ஐயா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ, அவர் முகம் மலர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து திவ்யாவிடம் சொன்னேன், "நோய் இருக்குது, ஆனா அந்த அரை மணி நேரம் நல்லா இருந்தாங்கடி." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆயா, இதத்தான் எங்களுக்கு மொத வருஷம் மூணு கிளாஸ் எடுத்தாங்க. நோய் இல்லாம இருக்கறது மட்டும் ஆரோக்கியம் இல்ல. மூச்சு, தண்ணி, தூக்கம், பயமில்லாம இருக்கறது, கூட மனுஷங்க இருக்கறது, நம்மால ஒரு உபயோகம் இருக்கறது எல்லாமே மனுஷனுக்குத் தேவைன்னு சொன்னாங்க" என்றாள். அந்த மூணு கிளாஸும் எனக்கு எங்கள் லைனிலேயே நடந்துவிட்டது என்றேன்.

சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது என்ன என்று இத்தனை நாளும் யோசித்தேன். அவர் காப்பாற்றிய உடம்பு இருக்கிறது, ஆனால் அதற்கும் வயதாகிவிட்டது. போன வாரம் சர்க்கரைக்குக் காட்டப் போயிருந்தேன். கூட்டம் நெரிந்தது. சின்ன வயது டாக்டர், சீட்டில் எழுதிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்: "வேற ஒண்ணும் இல்லல்ல பாட்டி?" எனக்குப் பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். இல்லை சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது ரொம்பச் சுலபம்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "இருக்குது டாக்டர்" என்றேன். "சொல்றேன், எழுதிக்குங்க."