மெதுவாகக் கழற்றும் கையுறை

ஈப்போ போகும் வழியில், புக்கிட் பெருந்துங் ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் பெர்லஸ்க் நடன வகுப்பில் தோழி என்னைத் தள்ளிவிட்டுப் போகிறாள். அணிந்ததைக் கொஞ்சிக் கொஞ்சிக் கழற்றும் ஆட்டமாம். முதல் நாள் கையுறை மட்டும்தான் என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சு வருகிறது. பக்கத்தில் நிற்கும் சரசு அக்கா, பட்டுக் கையுறையைப் பலூன்போல ஊதிப் பார்க்கிறார்.

“என்னக்கா பண்றீங்க?”

“ஓட்ட இருக்கான்னு பாக்குறேன் லா. கிளவ் ஃபேக்டரியில செக்கிங் வேல எனக்கு.”

“ஒவ்வொரு விரலா, மெதுவா,” என்கிறார் ஆசிரியை. அக்கா ஒரே இழுப்பில் உருவிவிட்டுக் குப்பைத்தொட்டியைத் தேடுகிறார். எல்லோரும் சிரிக்கிறோம்.

“மெதுவா கழட்டுனா சூப்பர்வைசர் ஏசுவாரு லா.”

“இங்க யாரு ஏசப் போறாங்கக்கா?” என்கிறேன்.

அக்கா மறுபடி மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் தன்னையே பார்த்தபடி சுண்டுவிரலில் ஆரம்பிக்கிறார். சிரிப்பு அடங்குகிறது. கட்டைவிரலுக்கு வருவதற்குள் எனக்கு வெட்கம் வந்துவிடுகிறது.