பாய்லரில் எழுதியிருந்த பெயர்

இராஜபாளையத்தில் மில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில் அதைச் செய்தவன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடுவோம். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று வாசித்த பிறகுதான் அடுத்த பேச்சு. நான் ஃபிட்டராகச் சேர்ந்து, அந்த மில்லிலேயே தலை நரைத்து, ஓய்வு பெற்றவன். கல்யாண வீட்டில் பந்திக்கு வராமல் மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஓய்வுக்குப் பிறகு அவள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிவந்தோம். வியாதியும் கூடவே வந்துவிட்டது.

போன வருஷம் திருச்செந்தூர் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், மனைவி, கார் ஓட்ட அவள் தம்பி. கடற்கரையோரம் ஒரு பழைய பாய்லர் கிடக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். மில்லில் மூத்த ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துப் பருத்தியெல்லாம் அந்தக் கரைக்குப் போகுமாம். அங்கே நீராவியில் ஓடிய பிரஸ்ஸில் பஞ்சை அமுக்கிப் பேல் கட்டி, தோணியில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்புவார்களாம். அந்த பிரஸ்ஸுக்கு நீராவி கொடுத்த பாய்லர் இது.

"சாமி கும்பிட்டாச்சு. இனி துருவையும் கும்பிட்டுட்டுப் போவோம்" என்றாள் மனைவி. சொன்னாளே தவிர வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

அது ஒரு மீனவர் ஊர். மாதா கோவிலைத் தாண்டி உடைமரங்களுக்கு நடுவே மணல் பாதை போயிற்று. கரையில் இடிந்த சுவர் கொஞ்சம் இருந்தது. பல் உடைந்த பெரிய சக்கரம் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. இரண்டு தண்டவாளங்கள் கடலுக்குள் இறங்கிக் காணாமல் போயின. அவற்றுக்குப் பக்கத்தில் மணலில் சாய்ந்து கிடந்தது பாய்லர். எனக்குச் சொந்தக்காரர் யாரையோ பார்த்த மாதிரி இருந்தது.

கிட்டே போனதும் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இரும்பு முழுவதும் கிறுக்கல். அம்பு விட்ட இதயம், கட்சிச் சின்னம், ஆண் பெயர், பெண் பெயர். இந்த ஆட்களுக்கு ஒரு சுவரோ பாறையோ கிடைத்துவிடக் கூடாது. உடனே தன் பெயரை எழுதியாக வேண்டும். முன் பக்கக் கதவு வார்ப்பிரும்பு. செய்தவன் பெயர் அதில் புடைத்த எழுத்தாகத்தான் இருக்கும். பித்தளைத் தகடாக இருந்திருந்தால் என்றைக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். சரியாக அந்த இடத்தின் மேலேதான் எவனோ படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்ட்டில் கோணல்மாணலாக எழுதி வைத்திருந்தான்.

"பாத்தியா மாப்ள, இம்புட்டு எடம் கெடக்கு, இவனுக்கு இங்கதான் எழுதணும்" என்றேன் மச்சினனிடம்.

"உடுங்கத்தான். வேலவெட்டி இல்லாத பய எவனாவது எழுதியிருப்பான்" என்றான் அவன்.

நான் விடவில்லை. கார் டிக்கியில் ஒயர் பிரஷ், தின்னர், கழிவுப் பஞ்சு எல்லாம் எப்போதும் வைத்திருப்பேன், பழக்கதோஷம். எடுத்து வந்து தேய்க்க ஆரம்பித்தேன். மச்சினனும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு சேர்ந்துகொண்டான். நாட்டுக்கே பெரிய தொண்டு செய்கிற நினைப்பு இருவருக்கும். நீலம் கரைந்து வழிந்தது. அடியில் இருந்து ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. சீமையில் ஏதோ ஓர் ஊர்ப் பெயர், ஒரு முதலாளியின் பெயர். எனக்கு ஒரே குஷி. உடைமர நிழலில் உட்கார்ந்திருந்த மனைவியைக் கூப்பிட்டு வாசித்தும் காட்டினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பினேன். ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கலாம். ஒரு கையில் சின்ன பாட்டிலில் எண்ணெய், மற்ற கையில் மடித்த துணி.

"என்னத்துக்கு அண்ணாச்சி அழிச்சிய?" என்று கேட்டார்.

கோபம் இல்லை அந்தக் குரலில். விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நானும் விவரம் சொல்கிறவன் போலவே, "எவனோ கிறுக்கி வச்சிருந்தாம்மா. அதான் சுத்தம் பண்ணுனோம்" என்றேன்.

"எம்மவன்தான் கிறுக்குனான்."

அந்த எண்ணெய் பாட்டிலை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பாய்லர் முழுக்க உப்புக்காற்றில் துரு செதில் செதிலாக உரிந்து கிடக்க, அந்தப் பெயர் இருந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. தேய்க்கும்போது பிரஷ் வழுக்கியது. பஞ்சில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. எல்லாம் என் கைக்குத் தெரிந்தது, புத்திக்குத்தான் ஏறவில்லை. எண்ணெய் போட்ட இடத்துக்கு ஒரு ஆள் இருக்கிறான், அவனைக் கேட்காமல் கை வைக்காதே என்று புதிதாக வந்த பையன்களைத் திட்டியே காலம் தள்ளியவன் நான்.

அவர் மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள், அவன் சேரவில்லை. உடல் கிடைக்காததால் கல்லறையும் இல்லை. இதையெல்லாம் என் மனைவி பக்கத்தில் போய் நின்று மெதுவாகக் கேட்டுத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"பள்ளிக்கூடத்துல அவனுக்கு எழுத்து ஏறல தாயி. பேரு மட்டுந்தான் எழுதுவான். படகுக்குப் பெயின்ட் அடிச்சிட்டு, மிச்சத்துல இதுல எழுதிட்டு ஓடியாந்து என்னக் கூட்டிட்டு வந்து காமிச்சான். கிறுக்குப் பயலே, எவம் வீட்டு இரும்புல எவம் பேர எழுதுதேன்னு அன்னைக்கு வஞ்சேன்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காருக்கு ஓடினேன். வழியில் யாரையாவது பார்த்தால் கொடுக்கலாம் என்று ஊரிலிருந்து வாங்கி வைத்திருந்த பால்கோவாப் பெட்டி ஒன்று பின்சீட்டில் இருந்தது. அதை எடுத்து வந்து அந்த அம்மாவிடம் நீட்டினேன். துஷ்டி வீட்டில் இனிப்பு நீட்டியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மனைவி என் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மச்சினன் பட்டாளத்தில் இருந்தவன், எதற்கும் உடனே ஒரு ஏற்பாடு சொல்வான். "யம்மா, நாளைக்கே பெயின்டரக் கூட்டிட்டு வாரோம். பெருசா, அழகா எழுதிருவோம். தம்பி பேரு என்ன?" என்றான்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி வாசிச்சிருப்பாவளே."

நான் வாசித்திருக்கவில்லை. கோணல் எழுத்து, நீலப் பெயின்ட், இது இரண்டும்தான் என் கண்ணில் பட்டவை. சீமைக்காரன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்த நான், அதற்கு மேலே தமிழில் இருந்ததை என்ன பெயர் என்றுகூடப் பார்க்காமல் தேய்த்திருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு, "இல்லம்மா" என்றேன். ஊர் ஊராகப் போய் எத்தனை இரும்பை வாசித்தவன்! அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் செத்துப் பிழைத்தேன்.

அந்த அம்மா மகன் பெயரைச் சொன்னார். மச்சினன் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டான்.

"எழுதுனா நல்லாத்தான் இருக்கும். ஆனா அது ஒங்க எழுத்தாத்தான் இருக்கும், தம்பி. வேணாம்."

தின்னர் வாடை அடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, அந்தப் பெயர் இருந்த அகலத்துக்கு ஒருமுறை தடவினார். புடைத்த எழுத்துகள் கையில் இடறின போலிருக்கிறது, கையை எடுத்துக்கொண்டார். பிறகு பாட்டிலையும் துணியையும் என்னிடம் நீட்டினார்.

"கொண்டாந்துட்டேன். திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோக மனசு வரல. இதுலயே போட்டுருங்க, அண்ணாச்சி. நீங்க பாக்க வந்த எழுத்துதான, துரு ஏறிரக் கூடாதுல்லா."

குத்தலாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சொன்னார். பாட்டிலையும் துணியையும் வாங்கிக்கொண்டேன். எண்ணெயைத் துணியில் ஊற்றி, யாரென்றே தெரியாத அந்தச் சீமைக்காரன் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தேய்த்தேன். பக்கத்தில் நின்று அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஓரம் விட்டுப் போயிருந்தது. "அந்தா, அங்கனயும் போடுங்க" என்றார். போட்டேன்.