ஆறு மணிக்கு ஒரு ரிங்

என் வீட்டுக்காரருக்கு மூன்று சிநேகிதர்கள். நாலு பேரும் ராயப்பேட்டையில் ஒரு பைண்டிங் கடையில் சேர்ந்து நோட்டுப் புத்தகம் தைத்தவர்கள். வேலையை விட்ட பிறகும் காலையில் மயிலாப்பூர் குளத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் கூடுவார்கள். வீட்டை விட்டுப் புறப்படும்போது மற்ற மூன்று பேருக்கும் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ண வேண்டும். கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம். யாரும் எடுக்கக் கூடாது. தவறிப் போய் எடுத்தவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். கிழவர்களுக்குள் அப்படி ஒரு சட்டம்.

நான் அவர்களோடு பேசியதில்லை. வீட்டுக்கு வந்தால் டீயைத் தட்டில் வைத்து, சமையலறைத் திரையைத் தாண்டிக் கையை மட்டும் நீட்டுவேன். கோட்டூர்புரத்து அண்ணன் மட்டும் சும்மா இருக்க மாட்டார். "இன்னா நைனா, உங்க வூட்ல டீ தானா நடந்து வருது?" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

என் வீட்டுக்காரர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அலமாரியில் இருந்த அவர் போன் ஒரு முறை அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தேன். பெயரெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான், அதுவும் தமிழில். யார் என்று தெரியாமலே பச்சைப் பொத்தானை அழுத்தி, ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டேன்.

வருஷாப்திக்குக் கோட்டூர்புரத்து அண்ணன் வந்தபோதுதான் சொன்னார். "அன்னிக்குக் காலைல பழக்கதோஷத்துல கை அமுக்கிடுச்சு தங்கச்சி. ஐயோன்னு தலைல கை வச்சிகினு குந்திருக்கேன், அவன் நம்பர்லேர்ந்து திரும்பி வருது. அழுதுட்டேன்." திரைக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். "நீ பேச வாணாம். தெனம் அடிச்சா போதும். நீ கீறேன்னு நான் தெரிஞ்சிக்கிறேன்."

அதிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அவர் அடிப்பார். நான் திருப்பி அடிப்பேன். மற்ற இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரரை "டேய்" என்று கூப்பிட்டவர்களில் உயிரோடு இருந்தது இந்த ஒருவர்தான். ரிங் வந்தால்தான் எனக்கு அடுப்பு பற்றவைக்கத் தோன்றும்.

இந்தத் தை மாதத்தில் ஒரு நாள் ரிங் வரவில்லை. மறுநாளும் இல்லை. நானாக அடித்துப் பார்த்தேன், சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் சொன்னது. மூன்றாம் நாள் பஸ் ஏறிவிட்டேன். மகனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் மகள் கல்யாணத்தின்போது ஒரு தரம் போய், பெண்களோடு உள்ளேயே இருந்துவிட்டு வந்திருக்கிறேன். ஹவுசிங் போர்டில் பிள்ளையார் கோயிலுக்கு எதிர் பிளாக், கீழ்வீடு.

கதவைத் திறந்தது அவர் சம்சாரம். நெற்றியில் பொட்டு இல்லை. அவருக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட படம். மாலை பிளாஸ்டிக், தூசி படிந்திருந்தது.

"எப்பக்கா?" என்றேன்.

"ஆடி மாசம். உள்ள வாமா."

ஆடியிலிருந்து தைக்கு விரல் விட்டு எண்ணினேன். "தெனம் ரிங் வந்துச்சேக்கா?"

"நான் தான் வுட்டேன்." அந்த அம்மா கீழே உட்கார்ந்துவிட்டார். "ஆஸ்பத்திரில மூக்குல டியூபை வச்சிகினே சொன்னாரு, தங்கச்சிக்கு அடி, அது பயந்துக்கும்னு. மொத நாளு அவருக்காக அடிச்சேன். நீ திருப்பி அடிச்ச. அப்பறம் விட மனசு வரல. பையன் ஒனக்குச் சொல்லி அனுப்பலாம்னான், நான் தான் வாணாம்னேன். தெரிஞ்சா நீ நிறுத்திட்டீன்னா? இந்த வூட்ல காலைல என்னை யாரு தேடறாங்க?"

"இப்ப மூணு நாளா?"

"போன் பக்கெட்டுல வுழுந்துடுச்சு. ரிப்பேருக்குக் குடுத்துக்கீது, சாயங்காலம் வரும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கோவமா?"

கோபம் இல்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தை நேராக நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்திருக்கிறது, தெரியாது எனக்கு. ஆடியில் அழ வேண்டியதை அங்கே உட்கார்ந்து அழுதேன். அவருக்காக மட்டும் அழவில்லை. என் வீட்டுக்காரர் சின்ன வயதில் எப்படிச் சிரிப்பார், கடையில் யாரிடம் சண்டை போட்டார் என்றெல்லாம் இனிமேல் கேட்க நினைத்தாலும் ஆளில்லை. இருந்தபோது நான்தான் கேட்கவில்லை. திரைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

மறுநாள் ஆறு மணிக்குப் போன் அடித்தது. முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டேன்.

"இன்னாமா, எடுத்துட்ட?" என்று பதறினார் அந்த அக்கா. "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

எடுத்தவர் டீ வாங்கித் தரவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த நாலு பேரும் இப்போது இல்லை. அந்தப் பக்கம் காக்கை கத்துவது கேட்டது.

"ஒண்ணுமில்லக்கா," என்றேன். "ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வாங்க. டீ போட்டுத் தரேன்."