நீதிபதி கேட்டும் சொல்ல முடியாமல் போனது

மேல்மலையில் பூண்டு பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. பக்கத்துக் கிட்டங்கியில் பூண்டு மூட்டைகள் திருடு போனபோது, விசாரணை என்று என் கணவரைப் போலீஸார் அழைத்துப் போனார்கள். மறுநாள் கோர்ட்டில்தான் அவரைப் பார்த்தேன். இடது காலை ஊன்ற முடியாமல் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றார்.

"உங்கள யாராவது அடிச்சாங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லைங்க."

"கால்ல என்ன?"

"வழுக்கி விழுந்துட்டேங்க."

நான் பின்னால் எழுந்து நின்றேன். "உக்காரும்மா" என்றார் கோர்ட் ஊழியர். உட்கார்ந்துவிட்டேன்.

ஜாமீனில் வந்த பிறகுதான் அவர் சொன்னார். "வாயத் தெறந்தா உம் பொண்டாட்டியயும் தூக்கிருவோம்னாங்க. நான் என்ன செய்ய?"

பிறகு போலீஸார் மீது மனுப் போட்டோம். "அன்னைக்கே நீதிபதிகிட்ட சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பாரும்மா. இப்ப எதை வச்சு நிரூபிக்க?" என்றார் வக்கீல். வழக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. என் கணவரால் இன்னும் மேட்டுத் தோட்டத்துக்கு ஏற முடியவில்லை.

இப்போது எங்கள் ஊரில் யாரைப் பிடித்துப் போனாலும், வெள்ளனே கோர்ட்டுக்குப் போய் இலவச சட்ட உதவி வக்கீலைப் பார்க்கிறேன். நீதிபதி விசாரிக்கும்போது போலீஸ்காரர்களை வெளியே நிறுத்தும்படி கோர்ட்டில் கேட்கச் சொல்லி அவரிடம் சொல்கிறேன். அப்படிக் கேட்கலாம் என்பதே அன்று எங்களுக்குத் தெரியாது.