கராஜில காய்ஞ்ச முயல் வலை

முயல் வலை பின்னுற ஆக்களுக்கு ஒரு விசயம் நல்லாத் தெரியும்: அந்த வலையில முதல் மாட்டுப்படுறது முயலில்லை, பின்னுற ஆளின்ர சட்டைப் பொத்தான்.

வீட்டில ஒருத்தருக்கும் விளங்காத ஒரு விசர் உங்களுக்கும் இருக்குதோ? சனி ஞாயிறில சேத்துச் சப்பாத்தோட காணாமல் போறனீங்களோ? அப்ப நீங்கள் என்ர ஆக்கள், வாங்கோ கதைப்பம். நான் வேலை செய்யிற மூக்குக் கண்ணாடிக் கடையில, முன் மேசைக் கம்ப்யூட்டரில இருந்துதான் இதை அடிக்கிறன். ஆரும் கண் காட்ட வந்தால் நிப்பாட்டிப்போட்டுத் திரும்பி வருவன். குறை நினைக்காதேங்கோ.

தொழில் இதுதான். முயல் பொந்து ஒவ்வொண்டின்ர வாயிலயும் ஒரு சுருக்கு வலையை விரிக்கிறது. வலை ஓரத்தில ஓடுற கயிறை ஒரு கட்டையில கட்டி நிலத்தில அறையிறது. பிறகு ஒரு பொந்துக்குள்ள ஃபெரட்டை விடுறது. ஃபெரட் எண்டால் எங்கட கீரிப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி, மெல்லிசா நீளமா ஒரு உருப்படி. அது உள்ள போக முயல் வெளியில பாயும், வலை சுருங்கும், நாங்கள் ஓடிப்போய் அமத்துவம். எழுதேக்க எவ்வளவு சுகமாயிருக்குது பாருங்கோ!

சீனி குடிவந்த கதை

முனியண்ணா எங்கட சிற்றியின்ர தெற்குப் பக்கம், மனுரேவாவில இருக்கிறார். ஃபிஜியில பிறந்த தமிழர். எங்கட கடைக்குக் கண்ணாடிப் பெட்டியள் கொண்டுவாற வானை அவர்தான் ஓட்டுறவர். ஒருநாள் அந்த வானுக்குள்ள ஒரு கிழிஞ்ச முயல் வலை கிடந்தது, மனுசன் சனி ஞாயிறில முயல் பிடிக்கிறவராம். நான் சின்னனில இருந்து குரோஷே பின்னுறனான், கிழிஞ்சதைக் கண்டால் கை சும்மா இராது. "இதென்ன, தாங்கோ நான் செய்து தாறன்" எண்டு கேட்டு வாங்கினன். கேட்டிருக்கக் கூடாது! வலையோட சேர்த்து ஃபெரட்டையும் என்ர தலையில கட்டிப்போட்டார். அவற்ர வாடகை வீட்டில பிராணி வளர்க்க விடமாட்டினமாம்.

வெள்ளை வெளேரெண்டு இருந்தபடியால் நான் அதுக்குச் சீனி எண்டு பேர் வைச்சன். லின்ஃபீல்டில எங்கட வீட்டுக் கராஜில ஒரு கூடு, வைக்கோல், தண்ணிக் கிண்ணம். அம்மா கராஜ் வாசலில நிண்டு, சீலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கொண்டு, கூட்டுக்குள்ள எட்டிப் பார்த்தா. "என்ன பிள்ளை, மாப்பிள்ளை பார் எண்டால் கீரி பாத்துக்கொண்டு வந்து நிக்கிறாய்!"

முதல் வலை

முதல் வலையை நான் எப்பிடிப் பின்னினன் எண்டு நினைக்கிறியள்? மேசை விரிப்புப் போல! கண் எல்லாம் சின்னச் சின்னனா, ஒரே அளவா, பார்க்க அவ்வளவு வடிவு. வலை ஊசியை விட்டு எழும்பவே மனம் வரேல்ல. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் கேக்கேல்ல.

ஆனா முயல் வலையில கண் பெரிசா இருக்கோணும். முயலின்ர தலை அதுக்குள்ள போய் மாட்டோணும், ஃபெரட் அதுக்குள்ளால சுகமா வந்து போகோணும். எனக்கு அது தெரியாது. பொந்துக்குள்ள இருந்து ஒரு கொழுத்த முயல் பாய்ஞ்சு வந்து, என்ர வலையில மோதி, ஒரு துள்ளுத் துள்ளித் திரும்பி உள்ள போயிட்டுது. பின்னால வந்த சீனி வெளியில வரேலாமல் வலைக்கு உள்பக்கம் நிண்டு எங்களைப் பார்த்தாள். முனியண்ணா தலையில கை வைச்சுக்கொண்டு நிலத்தில இருந்திட்டார். "தங்கச்சி, நீ முயல் பிடிக்க வலை பின்னல. முயல் படுத்துத் தூங்கத் தொட்டில் பின்னியிருக்க!"

கடைக்குக் கண் ஒண்டு வந்திட்டுது, பொறுங்கோ.

வாய்

ஓம், வந்திட்டன். முயல் பிடிக்கேக்க கதைக்கப்படாது. இதுதான் முதல் சட்டம். மேல ஆள் நிக்குது எண்டு தெரிஞ்சால் முயல் வெளியில வரவே வராது. முனியண்ணா கண்ணால கதைப்பார், புருவத்தால கதைப்பார், மூக்காலயும் கதைப்பார். நானோ? முதல் முயல் ஒழுங்கா வலையில விழுந்த உடன "ஐயோ விழுந்திட்டுது, விழுந்திட்டுது, அண்ணா ஓடி வாங்கோ!" எண்டு கத்தினன். பக்கத்துக் காணியில நிண்ட மாடெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துது. அதுக்குப் பிறகு அண்டைக்கு ஒரு முயலும் இல்லை.

வீட்ட வரும்வரைக்கும் அவர் ஒரு கையால காதைக் குடைஞ்சுகொண்டே வானை ஓட்டினார். எங்கட வாசலில இறக்கிவிடேக்கதான் சொன்னார். "அடுத்த வாரம் உன்னைப் பொந்துக்குள்ள விடுவோம், சீனி வெளிய நிக்கட்டும். நீ போடுற சத்தத்துக்கு எல்லா முயலும் தானா வெளிய வந்துரும்."

எப்சம் அன்ரி

பிடிச்ச முயலை என்ன செய்யிறது? அம்மா தொடவே மாட்டா. முனியண்ணா ரெண்டு எடுப்பார். மிச்சத்தைத் தெரிஞ்ச ஆக்களுக்குச் சும்மா குடுப்பம். எப்சத்தில எங்களுக்குத் தெரிஞ்ச அன்ரி ஒராள், முயல் கறி எண்டு கேள்விப்பட்ட உடன போன் எடுத்தா. நான் தோலுரிச்சு, வடிவாக் கழுவி, பையில போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தன். அவ பையைத் திறந்து பார்த்தா. மூடினா. திரும்பத் திறந்தா. பிறகு கதவுப்படியில நிண்டபடி, அயலட்டைக்குக் கேக்காமல், மெல்லமாக் கேட்டா. "பிள்ளை, குறை நினைக்காதை, அடுத்த முறை தலையோட கொண்டு வா. பூனைக்கும் இதுக்கும் சட்டை கழட்டினால் வித்தியாசம் தெரியாது."

கிரேக்கின்ர கோவா

இப்ப விசயத்துக்கு வாறன். சிற்றிக்கு வெளியில, புகெகோஹேப் பக்கம் கிரேக் எண்டு ஒரு வெள்ளைக்காரத் தோட்டக்காரர். செம்பாட்டுச் சிவப்பு மண், கோவா எண்ட முட்டைக்கோசும் வெங்காயமும். அவற்ர கோவாக் கரையில ஒரு மேடு, மேடு முழுக்கப் பொந்து. முயல் ஒவ்வொரு கோவாவிலயும் ஒரு வாய் கடிச்சுப்போட்டு அடுத்ததுக்குப் போகும். முழுசாத் திண்டாலும் பரவாயில்லை, ருசி பாத்துப் பாத்து நாசமாக்குது!

எங்களை வரவிட்டதே பெரிய காரியம். அந்த நேரம் நான் ஆரஞ்சும் றோஸும் கலந்த நூலில வலை பின்னத் தொடங்கியிருந்தன். புல்லுக்குள்ள மறந்து விட்டிட்டு வாற வலை கண்ணில படோணுமெல்லே, அதுக்குத்தான். நாங்கள் அதை மேடு முழுக்க விரிச்சுப்போட்டு நிமிர, கிரேக் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். அவர் இங்கிலீசில சொன்னது தமிழில இப்பிடித்தான் வரும். "முயல் பிடிக்க வந்தனீங்களோ, இல்லாட்டி என்ர மேட்டுக்குக் கலியாணமோ?"

தூள்

வலையளுக்கு எங்கட கராஜுக்குள்ள கொடி கட்டியிருந்தன். மாரி காலம், வெளியில ஓயாத மழை. சேறு போகத் தோய்ச்சு உள்ளதான் காயப்போடோணும். அதே கராஜிலதான் அம்மா கறித்தூள் வறுக்கிறவ. குசினியில வறுத்தால் ஸ்மோக் அலாம் கத்தும், பிறகு பக்கத்து வீட்டு ஆள் ஃபயர் பிரிகேட்டுக்கு அடிப்பார், அது ஒருக்கா நடந்த கதை. அதால காஸ் அடுப்பைக் கராஜில வைச்சு, செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எண்டு வறுத்துத் தள்ளுவா. அண்டைக்குச் சீனியை லோண்ட்ரிக்குள்ள மாத்திவிடுவன். அடுத்த நாள் திரும்ப வருவாள். ஆனா அந்த மணம் மாசக்கணக்காப் போகாது. சிமெந்துக்குள்ளயே ஊறிப் போச்சுது.

அந்த வெள்ளிக்கிழமை நான் வேலையால வர, அம்மா வறுத்து முடிச்சிட்டா, வலையெல்லாம் அந்தப் புகைக்குள்ள தொங்குது. எனக்கு அது உறைக்கவே இல்லை. அந்த வீட்டிலேயே இருக்கிற மூக்குக்குத் தெரியாது தானே! ஞாயிறு காலமை கிரேக்கின்ர மேட்டில விரிச்சம். சீனி உள்ள போனாள். நிலத்துக்குக் கீழ திடுதிடு எண்டு முயல் ஓடுறது காலில தெரியுது. வாய்வரைக்கும் வருது, மூக்கை நீட்டுது, திரும்பி ஓடுது! ஒண்டும் பாயேல்ல. முனியண்ணா ஒரு வலையைத் தூக்கி மூக்கில வைச்சு மணந்து பார்த்தார், அப்பிடியே என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கிரேக் வந்து நிண்டார், கடிபட்ட கோவா ஒண்டைக் கையில தூக்கிக்கொண்டு. "இனிப் பொறுக்கேலாது. நாளைக்குக் காலமை மருந்துக்காரர் வருகினம், பொந்துக்குள்ள நஞ்சுக் குளிசை போட்டு மண்ணால மூடப்போகினம்."

சீனி வரேல்ல

அவர் அதைச் சொல்லேக்க சீனி உள்ளதான் நிண்டாள். நாங்கள் காத்திருந்தம். மத்தியானம் ஆச்சு. வரேல்ல. ஃபெரட் உள்ளயே ஒரு முயலைக் கடிச்சுக் கொன்றுபோட்டால், வயிறு முட்டத் திண்டிட்டு அதுக்குப் பக்கத்தில படுத்திடும். எழும்பாது. நான் ஒவ்வொரு பொந்துக்குள்ளயும் தலையை விட்டுக் கூப்பிட்டன். முனியண்ணா ரெண்டு இடத்தில கிண்டிப் பார்த்தார், பொந்து மர வேருக்குக் கீழ போயிட்டுது. தன்ர மணத்துக்கு வருவாள் எண்டு கூட்டுப் பெட்டியைத் திறந்து வாசலில வைச்சம். எங்கட கெட்ட காலம், அண்டைக்குக் காலமைதான் நான் புது வைக்கோல் போட்டனான். அதில சீனியின்ர மணமே இல்லை. கிரேக்கிட்டப் போய் ஒரு நாள் தள்ளிப் போடுங்கோ எண்டு கேட்டன். பாவம், அந்த மனுசன் கெட்டவரில்லை. மருந்துக்காரரை விட்டால் பிறகு எப்ப வருவினமோ தெரியாது, கோவா எல்லாம் போயிடும் எண்டார்.

வெயில் சாயத் தொடங்கீட்டுது. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், நான் நிலத்தில இருந்து அழுதன். காலமை அந்த வாசலெல்லாத்தையும் மூடிப்போடுவினமெல்லே! துடைக்கத் துணியில்லாமல் கையில கிடந்த வலையை எடுத்து மூக்கைத் துடைச்சன். மூண்டு தும்மல்! அப்பதான் என்ர மூக்குக்குள்ள போனது என்னெண்டு விளங்கினது. இது எங்கட கராஜெல்லோ! சீனிக்கு வீட்டு மணம் வேற என்ன? "அண்ணா, எல்லா வலையையும் கொண்டாங்கோ!" எண்டு கத்தினன். அண்டைக்கு அவர் என்னைக் கத்தாதை எண்டு சொல்லேல்ல.

காத்து உள்ள போற பக்கத்துப் பொந்து வாசலில அவ்வளவு வலையையும் குவிச்சம். முனியண்ணா தொப்பியால விசிறினார், சுளகால புடைக்கிற மாதிரி. இருந்தம். பிறகு உள்ள, தூரத்தில, ஒரு தும்மல். இன்னொண்டு, கிட்ட. செம்பாட்டு மண்ணில குளிச்சு, வெள்ளை எண்டே தெரியாத ஒரு மூக்கு வெளியில வந்துது. சீனி எங்களைத் திரும்பியும் பார்க்கேல்ல. நேரா வலைக் குவியலுக்குள்ள புகுந்து, சுருண்டு படுத்து, கண்ணை மூடினாள். வேலியடியில நிண்டு எல்லாத்தையும் பார்த்த கிரேக், கிட்ட வந்து குனிஞ்சு ஒருக்கா மணந்தார். "இந்த மேட்டுக்கு நாளைக்கு மருந்து போடத்தான் போறன். ஆனா வெங்காயப் பக்கத்து மேடு இருக்கு, அடுத்த ஞாயிறு வாங்கோ. வலையைத் தோய்ச்சுக்கொண்டு வாங்கோ, என்ன அது, எனக்கே பசிக்குது!"

அம்மா சொன்னது

வீட்ட வந்து, சீனியைக் குளிப்பாட்டிக்கொண்டே அம்மாவுக்கு முழுக் கதையும் சொன்னன். உங்கட தூள்தான் அவளைக் காப்பாத்தினது எண்டன். அம்மா உள்ள போய், பழைய துவாய் ஒண்டைக் கொண்டுவந்து எறிஞ்சா. நான் துடைச்சது காணாதெண்டு தானே குந்தியிருந்து, மூக்கைப் பொத்தாமல், சீனியைத் துடைச்சா. "வாயில்லாச் சீவனுக்கே வீடு எங்க எண்டு தெரிஞ்சிருக்குது, உனக்குத்தான் இன்னும் தெரியேல்ல, ஞாயிறெல்லாம் புகெகோஹேயில நிக்கிறாய்!"

இந்தா, அடுத்த ஆள் கண் காட்ட வந்திட்டுது, அதால ஒரே வசனத்தில முடிக்கிறன்: இப்ப என்னட்ட ரெண்டு கட்டு வலை இருக்குது, முயல் பிடிக்கிறது மழை விட்ட நேரம் பார்த்து வெளியில கொடியில காயுது, சீனியைப் பிடிக்கிறது கராஜில அம்மாவின்ர அடுப்புக்கு நேர மேல தொங்குது, இதுவரைக்கும் ஒருக்காலும் பிழை விடாதது அந்த ரெண்டாவதுதான்.