மாப்பிள்ளை இல்லாத குளம்

மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருப்பவன் பாதி கல்யாணத் தரகன், பாதி மருத்துவச்சி; என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

விசேஷம்

செங்கல்பட்டுக்கு வெளியே, ஏரிக் கால்வாய்த் தண்ணீரில்தான் எங்கள் குளம். என் மகனுக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் ஆகிறது, வீட்டில் இன்னும் தொட்டில் கட்டவில்லை. மருமகள் செல்வி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், குஞ்சு வாங்க வந்த முனுசாமி கிண்டலாகக் கேட்டார்: "ஊருக்கெல்லாம் குஞ்சு பொரிச்சுக் குடுக்கிற, உன் வூட்ல ஒண்ணத்தையும் காணோமே நைனா?"

சொரசொரப்பு

ஆடி மாதம் ஜோடி சேர்க்கப் பெரிய ரோகு மீன்களைப் பிடித்து, பக்கத்துத் துடுப்பை விரலால் தடவிப் பார்ப்போம். சொரசொரவென்றிருந்தால் ஆண், வழவழவென்றிருந்தால் பெண். போன ஆடியில் வலையில் வந்த எல்லாமே வழவழவென்றிருந்தன. என் விரல்தான் மரத்துவிட்டதென்று நினைத்து, கூட வேலை செய்யும் ஜமால் பாயைத் தடவச் சொன்னேன். அவர் கையை லுங்கியில் துடைத்துத் துடைத்துத் தடவினார். "மாப்பிள்ளையே இல்ல அண்ணாத்த. அத்தினியும் பொண்ணாவே கீது."

ரவை

மறுநாள் ஒரு மீன் செத்து மிதந்தது. வயிற்றைக் கீறினால் உள்ளே ஆண் மீனின் வெள்ளை விந்துப் பை. அதற்குள்ளேயே ரவை ரவையாகச் சினை. மீன்வளத் துறையிலிருந்து வந்த அதிகாரி, சாக்கடையோடு ஏரியில் கலக்கும் மாத்திரை, சோப்புக் கழிவையெல்லாம் சொன்னார். அதில் சிலது மீனின் உடம்புக்குள் போய்ப் பெண் ஹார்மோன் மாதிரியே வேலை செய்யுமாம். "ஆம்பளை மீனோட உடம்பை, நீ பொம்பளைன்னு நம்ப வச்சிடுது சார் இந்தத் தண்ணி."

முட்டைத் தொட்டி

இருந்தும் மனசு கேட்கவில்லை. வழவழப்பிலும் கொஞ்சம் ஆண் மாதிரித் தோன்றியதையெல்லாம் பெண்ணோடு சேர்த்து, முட்டையிட வைக்கும் ஊசி போட்டு விட்டோம். காலையில் தொட்டி நிறைய முட்டை! ஜமால் பாய் என்னைக் கட்டிக்கொண்டார். மதியத்துக்குள் அவ்வளவும் வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி வெளுத்துவிட்டது. ஒன்றில்கூடத் துடிப்பு இல்லை. பையோடு வந்த முனுசாமி இந்த முறை கிண்டல் செய்யவில்லை, தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். "இன்னாபா இது, ஒண்ணு கூட கண்ணு தொறக்கல."

கிணறு

தொட்டியைக் கழுவ, குளக்கரைக் கிணற்றில் செல்வி தண்ணீர் இறைத்தாள். எங்கள் குடிநீரும் அதுதான். பாதியில் கயிற்றை நிறுத்தி, வாளியையே பார்த்தாள். "ஏன் மாமா, இந்தக் கெணத்துலயும் கொளத்துத் தண்ணிதான ஊறுது?"

இப்போது வீட்டுக்கு கேன் தண்ணீர் வருகிறது. மீன்களுக்குத்தான் கேன் போட ஒருத்தனும் வரமாட்டேன் என்கிறான்.